மாமா மருந்து குடிக்கவில்லை

என் அக்காள் வீட்டுக்காரர் தேவநாதன் மருந்து குடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் யாரும் நம்புவதில்லை.

எங்கள் பக்கத்தில் ஒருவன் மருந்து அடிக்கிறான் என்றால் அவன் பொறுப்பான விவசாயி. மருந்து குடித்தான் என்றால் அவன் வீட்டில் ஏதோ சண்டை, அல்லது பெண் விவகாரம், அல்லது இரண்டும். பூச்சிக்கு அடிப்பதும் மருந்து, புல்லுக்கு அடிப்பதும் மருந்து, காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து. அடிப்பதற்கும் குடிப்பதற்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று நடக்கக்கூடும் என்று எதிர்பார்த்து யாரும் அதற்கு ஒரு சொல் செய்துவைக்கவில்லை. மாமா அந்தச் சொல் இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டார். மாட்டிவிட்டவன் நான்.

எண்பத்தாறாம் வருஷம், மாசி மாதம். நான் திண்டிவனத்தில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி இரண்டாம் வருஷம். கிளியனூரிலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளி இருந்த அக்காள் வீட்டில் தங்கிக்கொண்டு, பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். படிப்பில் சுமார். முகத்தை அசைக்காமல் பொய் சொல்வதில் மட்டும் பல்கலைக்கழக அளவில் இடம் வாங்கக்கூடியவன். அப்போதுதான் வானத்தில் ஹேலி வால்நட்சத்திரம் வந்திருந்தது. அதன் வெளிச்சம் பட்டால் ஆண்களுக்கு முடி கொட்டும் என்று கல்லூரிக்குச் சுற்றறிக்கை வந்திருப்பதாகப் பக்கத்து நிலத்துக் கண்ணையனிடம் சொன்னேன். அவர் ஒரு வாரம் தலையில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்தார். ஜலதோஷம் பிடித்தது. முடி கொட்டவில்லை. கொட்டாததற்குத் துண்டுதான் காரணம் என்று இன்றும் நம்புகிறார்.

மாமாவுக்கும் கண்ணையனுக்கும் அடுத்தடுத்த நிலத்தில் கரும்பு. கரும்பு முழங்கால் உயரம் வருவதற்குள் கோரை அதற்குமேல் வந்துவிட்டது. களையெடுக்கும் பெண்கள் எல்லாரும் வெள்ளையம்மாள் தலைமையில் மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, களை வெட்டப் போய்விட்டார்கள். மாமா இரண்டு முறை போய்க் கூப்பிட்டார். அவள், "ஒன் கோரைய நீயே மேயி" என்று சொல்லி அனுப்பினாள். ஆகவே மாமாவும் கண்ணையனும் கூட்டாகச் சேர்ந்து, திண்டிவனத்துக் கடை ஒன்றில் ஐந்து லிட்டர் களைக்கொல்லி கேன் ஒன்றை வாங்கிவந்தார்கள்.

"புல்லு மேல பட்டா ரெண்டே நாள்ல கருகிடுமாம். மண்ணுல பட்டா அதுவா அடங்கிடுமாம். மண்ணுக்கு ஒரு தோஷமும் இல்லன்னு கடைக்காரன் சத்தியம் பண்றான்" என்றார் மாமா.

கேனில் ஒட்டியிருந்த காகிதத்தில் ஒரு சாய்சதுரம் இருந்தது. அதன் கீழ்ப்பாதி மஞ்சள். கண்ணையன் அதைத் தடவிப் பார்த்தார். "செவப்பு போட்டிருந்தாதான் பேஜாரு. இது மஞ்ச. மங்கலமாத்தான் இருக்குது."

கேனை அன்றைக்கே பாதிப்பாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். கவிழ்த்து ஊற்றினால் சிந்தும். சிந்தினால் யார் பங்கு சிந்தியது என்று வழக்கு வரும். அதனால் டியூப் போட்டு உறிஞ்சி இறக்குவதென்று முடிவாயிற்று. இதில் மாமாவுக்கு ஊரில் பெரிய பேர். யார் வீட்டு ஆயில் இன்ஜினுக்கு டீசல் இறக்குவதென்றாலும் பீப்பாயில் டியூபை விட்டு, மறுமுனையை வாயில் வைத்து ஒரே ஒரு இழுப்பு இழுப்பார். டீசல் உதட்டுக்கு ஒரு விரற்கடை முன்னால் வரும்போது டியூபைக் கீழே இறக்கிவிடுவார். நாக்கில் ஒரு சொட்டு படாது. இருபது வருஷமாகப் படவில்லை.

அன்று காலை கண்ணையனின் மோட்டார் கொட்டகையில் அதே டியூபை எடுத்தார். கேன் மேலே திட்டில். கீழே இரண்டு காலி பாட்டில்களோடு கண்ணையன். டியூப் நழுவாமல் நடுவில் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு.

பிடித்துக்கொண்டிருந்தால் போதும். நான் இரண்டு விரலால் மடித்து நசுக்கினேன்.

மாமா இழுத்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். கன்னம் இரண்டும் குழிந்து உள்ளே போனது. கண்ணையன், "இன்னாபா, வயசாயிடுச்சா?" என்றார். மாமாவுக்கு ரோஷம் வந்து, மூச்சு முழுவதையும் சேர்த்து இழுத்தார். அப்போது நான் விரலை எடுத்தேன்.

அவர் கன்னம் உப்பியது. கண் பெரிதாயிற்று. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. அதற்குப் பிறகுதான் துப்பினார். கறுப்பும் பச்சையுமாகத் தரையில் விழுந்தது. கண்ணையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அது எத்தனை நாழிகைச் சிரிப்பு என்று இன்று கேட்டாலும் சொல்ல முடியும், ஏனென்றால் அதற்குப் பிறகு நான் சிரித்த ஞாபகம் இல்லை.

மாமா கிணற்றுத் தண்ணீரில் ஐந்தாறு முறை வாயைக் கொப்பளித்தார். "டீசல் அளவுக்கு நாத்தம் இல்ல மச்சான். லேசா எரியுது, அவ்வளவுதான். டியூப்ல இன்னாவோ அடைச்சினு இருந்திருக்குது."

"ஓணான் முட்டையா இருக்கும் மாமா" என்றேன்.

அவர் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு கரும்புக்குள் இறங்கிவிட்டார். நான் வரப்பில் உட்கார்ந்தேன். வேலை இல்லாததால் கேனில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தேன். பத்துப் பாஷையில் எறும்பு ஊர்வதுபோல எழுத்து. தமிழ் எழுத்தின்மேல் கண்ணையன் கைபட்ட எண்ணெய் ஊறியிருந்தது. ஆங்கிலத்தில் படித்தேன். விழுங்கினால் உயிருக்கு ஆபத்து. முறிவு மருந்து எதுவும் இல்லை. இந்த இரண்டாவது வாக்கியத்தை நான்கு முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் அதேதான் எழுதியிருந்தது.

மதியம் மாமா இரண்டு தடவை வாந்தி எடுத்தார். பித்தம் என்றாள் அக்காள். நான் பஸ் பிடித்துத் திண்டிவனம் போனேன்.

எங்கள் கெமிஸ்ட்ரி லெக்சரர் ஸ்ரீபாலன் வல்லம் பக்கத்துச் சமணர். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுபவர். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காதவர். நான் போனபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே கேனில் போட்டிருந்த பெயரைச் சொன்னேன்.

"யாரு குடிச்சது?"

"குடிக்கல சார். உறிஞ்சும்போது உள்ள போயிடுச்சு."

"தண்ணி கலந்ததா, கலக்காததா?"

"கலக்காதது சார்."

"எவ்வளவு?"

"வாயி நிறைய வந்துது. துப்பிட்டாரு. ஆனா ஒரு மடக்கு உள்ள போயிருக்கும்."

அவர் கையைக் கழுவிவிட்டார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

"நடராசா, நல்லா கேட்டுக்கோ. நாளைக்கு அவரு நல்லா இருப்பாரு. நாளன்னிக்கும் எழுந்து நடமாடுவாரு. அதப் பாத்து நம்பிடாத. இது போய் உக்கார்ற எடம் நுரையீரல். அங்க நின்னு நெதானமா வேல செய்யும்."

"இப்ப இன்னா சார் பண்றது?"

"மண்ணுலதான் இது அடங்கும். நல்ல களிமண்ணா எடுத்துக் கரைச்சு, வயிறு முட்டக் குடிக்க வெய்யி. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிடு. நாளைக்குன்னு வெக்காத."

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. நின்றுகொண்டே வந்தேன்.

ஏரிக்கரையில் இறங்கி, வெடித்துக் கிடந்த களிமண் கட்டிகளைச் சட்டையில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். சொம்பில் போட்டுக் கரைத்தேன். மாமா கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் கண்ணையன் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அக்காள் முறத்தில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, இதக் குடிச்சிடுங்க."

அவர் சொம்புக்குள் பார்த்தார். "இன்னாடா இது, சேறு?"

"ஏரிக் களிமண்ணு. காலைல உள்ள போனது விஷம் மாமா. முறிவு மருந்து இல்லாத விஷம். மண்ணுதான் அத இழுத்துக்கும். எங்க சார் சொன்னாரு. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்கும் போவணுமாம்."

கண்ணையன் வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்தார். "தேவநாதா, எனக்கு ஈரத் துண்டு. ஒனக்கு ஏரி மண்ணு. நான் தேவலாம்."

"இல்ல மாமா, நெசமாத்தான் சொல்றேன்."

"அந்தச் சுத்தறிக்கையும் நெசம்னுதான்டா சொன்ன" என்றார் கண்ணையன்.

நான் மாமாவின் காலைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கு ஒழுகியது. வார்த்தை குழறியது. அவர்கள் மூன்று பேரும் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. அக்காள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு ரசித்தாள்.

"இன்னிக்கு இன்னாமா நடிக்கிறான் பாருங்க" என்றாள். "கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

"காலேஜில டிராமா போட்றாங்களா மச்சான்?" என்று மாமா கேட்டார். என் தலையைத் தடவிவிட்டார். "போயி மூஞ்சக் கழுவு. பசிக்குது எனக்கு."

நான் அப்போது டியூபை நசுக்கியதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒருவேளை நம்பியிருப்பார்கள். நாக்கு நுனிவரை வந்தது. அக்காளின் முகத்தைப் பார்த்தேன். சொல்லவில்லை. சொம்பைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னால் ஊற்றினேன்.

மறுநாள் மாமா நன்றாக இருந்தார். கூழ் குடித்தார். கருகத் தொடங்கிய கோரையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நெருப்பு வெச்ச மாதிரி போயிட்டிருக்குது மச்சான்" என்று சந்தோஷப்பட்டார். ஸ்ரீபாலன் சார் சொன்னபடியே நன்றாக இருந்தார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. அவர் இருமினால் எழுந்து நின்றேன். தும்மினால் நின்றேன். வேட்டியை உதறிக் கட்டினால்கூட நின்றேன். என் கடிகாரத்தில் பார்த்து அவர் மூச்சை எண்ணினேன். நிமிஷத்துக்குப் பதினெட்டு. என் மூச்சையும் எண்ணினேன். முப்பது.

"இன்னாடா என் மாருலயே கண்ண வெச்சினு இருக்கிற?" என்றார்.

மூன்றாம் நாள் காலையில் அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. திறந்தபோது நாக்கின் தோல் வெந்த உருளைக்கிழங்குத் தோல்போல உரிந்து ஒருபக்கம் ஒதுங்கியிருந்தது. உதட்டோரம் வெடித்திருந்தது. முந்தின நாள் மதியத்திலிருந்து ஒன்றுக்குப் போகவில்லை என்று அப்போதுதான் சொன்னார். அக்காள் அவர் வாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இந்த முறை அவள் ரசிக்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க" என்றாள்.

"போயி இன்னான்னு சொல்றது?" என்று மாமா கேட்டார். நாக்கு தடித்திருந்ததால் சொல் வழுவழுத்தது.

"மருந்து வாயில பட்டுடுச்சுன்னு சொல்றது."

"பட்டுதுன்னா, குடிச்சேன்னுதான் எழுதுவான்."

"தெரியாம உள்ள போயிடுச்சுன்னு சொல்லலாங்க."

"மருந்து குடிச்சவன் எவன் தெரிஞ்சு குடிச்சேன்னு சொல்லியிருக்கிறான்? எல்லாரும் தெரியாமதான் குடிக்கிறான். போலீசு வரும். கேஸ் ஆவும்."

எங்கள் மூவருக்கும் தெரிந்த தமிழில் அந்த வாக்கியத்தைப் பலவிதமாகக் கட்டிப் பார்த்தோம். மருந்து தெறித்துவிட்டது என்றோம். மருந்து இறங்கிவிட்டது என்றோம். எப்படிக் கட்டினாலும் கேட்கிறவன் காதில் போய்ச் சேரும்போது அது மருந்து குடித்தார் என்றே சேரும்போல இருந்தது. மாமாவின் தங்கைக்குப் பங்குனியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அண்ணன்காரன் மருந்து குடித்தான் என்று மாப்பிள்ளை வீட்டுக்குச் சேதி போனால், ஏன் குடித்தான் என்று கேட்பார்கள். காரணம் எதுவும் இல்லை என்றால், வெளியில் சொல்ல முடியாத காரணம் என்பார்கள்.

"ஒன்னத்தான்டி சொல்லுவானுங்க" என்று அக்காளிடம் சொன்னார். "பொண்டாட்டி படுத்தன பாடுன்னு."

இந்தப் பேச்சில் மதியம் ஆகிவிட்டது. கடைசியில் அவர் ஒப்புக்கொண்டார், ஆனால் நிபந்தனைகளோடு. புதுச்சேரி கூடாது, ஏனென்றால் அங்கே ஆஸ்பத்திரி வரிசையில் பாதிப் பேர் கிளியனூர்க்காரர்கள். திண்டிவனமும் கூடாது, அங்கே வார்டில் கண்ணையனின் மச்சினன் வேலை பார்க்கிறான். நம்மை யாருக்கும் தெரியாத இடம் விழுப்புரம்.

ஆக, விஷம் உள்ளே போன மனிதரைப் பஸ்ஸில் உட்காரவைத்து, திண்டிவனம் ஆஸ்பத்திரியைத் தாண்டி, இன்னும் இருபத்தைந்து மைல் போனோம். ஆஸ்பத்திரி வாசல் ஜன்னல் பக்கமாகவே வந்தது. மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எழுந்து கத்தி பஸ்ஸை நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி.

விழுப்புரத்தில் டாக்டர் அரங்கநாதன் என்பவர் பார்த்தார். நடுத்தர வயது. அவசரப்படாத மனிதர். மாமாவின் வாயைப் பார்த்ததும் அந்தக் களைக்கொல்லியின் பெயரை அவரே சொன்னார். பிறகு, "எப்ப? எவ்வளவு?" என்று கேட்டார்.

அக்காள், "கொஞ்சூண்டு வாயில பட்டுதுங்க. ஒடனே துப்பிட்டாரு" என்றாள்.

"கொஞ்சூண்டு பட்டதுக்கு இப்படி ஆகாதும்மா. உண்மையச் சொன்னாதான் நான் ஏதாவது செய்ய முடியும். எவ்வளவு குடிச்சாரு?"

இனிமேல் சொல்லாமல் இருக்க முடியாது. "ஒரு மடக்கு முழுசா உள்ள போச்சு சார். அவரு மேல தப்பு இல்ல. டியூப நடுவுல நான்தான் நசுக்கிப் புடிச்சினு இருந்தேன். வெளையாட்டுக்கு. அவரு பலமா இழுத்தாரு. நான் கைய எடுத்துட்டேன்."

என் குரல் சாதாரணமாக வந்தது. முகம் அசையவில்லை. எத்தனையோ வருஷத்துப் பழக்கம்.

டாக்டர் அளவை மட்டும் எழுதிக்கொண்டார். வாசலருகே சேதி கேட்டு வந்து நின்றிருந்த ஏட்டு பெரியசாமி என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"நல்லா ஜோடிச்ச தம்பி" என்றார் தாழ்ந்த குரலில். "நானும் எத்தனையோ கேட்டிருக்கிறேன். இருமல் மருந்துன்னு நெனச்சேன்னுவான், இருட்டுல தெரியலன்னுவான். டியூப நசுக்கனது புதுசு. நீ இன்னா படிக்கிற?"

"நெசமாங்க சார். நான்தான் நசுக்கினேன்."

"நெசம்தான், நெசம்தான். இதையே எழுதிக்கலாம். வெளையாட்டா நடந்ததுன்னு போட்டுட்டா அவருக்கும் கேஸ் இல்ல, ஒனக்கும் பெருசா ஒண்ணும் வராது. அக்கா புருஷனுக்காகப் பழிய ஏத்துக்கிற. ஒன்ன மாதிரி மச்சான் எவனுக்குக் கெடைக்கும்?"

அவர் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். உண்மையை ஒரு சலுகைபோல எழுதித் தந்துவிட்டு, என் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

அக்காள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒனக்கு எப்படிடா தோணிச்சு அந்த நேரத்துல? எனக்கு வாயே வரல."

"அக்கா, அது பொய்யில்ல."

"ஆமா. யார் கேட்டாலும் அப்படியே சொல்லு. எங்கிட்டகூட அப்படியே சொல்லு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பழகிடும்."

கடைசியாக மாமாவிடமே போனேன். அவர் கையில் ஊசிவழிப் பாட்டில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அக்காள் மாத்திரை வாங்கப் போயிருந்தாள். நான் குனிந்து அவர் காதருகே சொன்னேன், கொட்டகை, டியூப், இரண்டு விரல், எல்லாம். அவர் கண்ணை மூடிக் கேட்டார். உரிந்த உதட்டோடு சிரிக்கப் பார்த்தார்.

"நீ இதுவரைக்கும் சொன்னதுலயே இதுதான் மச்சான் ஒழுங்கான பொய்யி" என்றார். "யாருக்கும் கெடுதல் இல்ல."

இனி உண்மையைச் சொல்ல எங்கே போய் யாரைப் பிடிப்பது என்று தெரியவில்லை.

டாக்டர் கரியைக் கரைத்துக் கொடுத்தார். மண் கரைசல் போன்ற ஒன்றையும் கொடுத்தார். முதல் நாளே கொடுத்திருந்தால் அதற்கு வேலை இருந்திருக்கும் என்று பொதுவாகச் சொன்னார், யாரையும் குற்றம் சொல்லாமல். ஐந்தாம் நாள் கண் மஞ்சளாயிற்று. ஒன்றுக்குப் போவது மெல்லத் திரும்பிவந்தது. அக்காள் அதைப் பெரிய வெற்றியாக எடுத்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரர்களிடமெல்லாம் சொன்னாள். நான் கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு. மறுநாள் இருபத்தாறு.

எட்டாம் நாள் மாமா படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே, ஏரிக்கரையில் ஓடிவந்தவர்போல மூச்சு வாங்கினார். ஒரு வாக்கியத்தை மூன்று துண்டாகப் பேசினார். உதடு நீலம் பாய ஆரம்பித்தது. இரண்டு கட்டில் தள்ளி ஒரு ஆஸ்துமாக்காரருக்கு ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருந்தார்கள். அவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அக்காள் அந்தச் சிலிண்டரைப் பார்த்தாள். நர்ஸைப் போய்ப் பிடித்தாள்.

"எங்க வூட்டுக்காரருக்கும் அதப் போடுங்கம்மா. மூச்சு விட முடியாம பேஜாரா கீறாரு, பாக்கறீங்கதானே?"

"டாக்டர் சொல்லணும்" என்றாள் நர்ஸ்.

"அதோ அவருக்குப் போட்டிருக்கீங்களே. அவரு இன்னா பெரிய எடமா? நாங்க வெளியூர்க்காரங்கன்னா காத்துகூட குடுக்க மாட்டீங்களா?"

டாக்டர் என்னை மட்டும் தனியாக அழைத்தார். நான் கெமிஸ்ட்ரி படிக்கிறவன் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

"காத்துல இருக்கிற ஆக்சிஜன்தாம்பா இந்த விஷத்துக்குத் தீனி. அதிகமாக் குடுத்தா நுரையீரல் இன்னும் வேகமா கெடும். அதனாலதான் குடுக்காம இழுத்துக்கிட்டிருக்கேன். ஒங்கக்காவுக்கு இதச் சொன்னா புரியாது. நான் கல் நெஞ்சக்காரன்னு நெனச்சிட்டுப் போகட்டும்."

"அப்ப குடுக்கவே மாட்டீங்களா சார்?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "இனிமே கெடறதுக்கு ஒண்ணும் இல்லன்னு ஆச்சுன்னா குடுப்பேன். கஷ்டப்படாம இருக்கிறதுக்கு."

அதற்குப் பிறகு அந்த வார்டில் எனக்குப் பயமாக இருந்தது மாமாவின் மூச்சு அல்ல. சிலிண்டரை உருட்டும் சத்தம். வராந்தாவில் சக்கரம் எதுவும் உருண்டால், சாப்பாட்டு வண்டியா அதுவா என்று எழுந்து போய்ப் பார்ப்பேன். சாப்பாட்டு வண்டியாக இருக்கும். திரும்பி வந்து உட்காருவேன். அக்காளோ காலையும் மாலையும் டாக்டர் பின்னாலேயே நடந்து கெஞ்சினாள். நர்ஸின் காலில் விழப்போனாள். ஒன்பதாம் நாள் கொடுக்கவில்லை. பத்தாம் நாளும் கொடுக்கவில்லை. அவள் டாக்டரை வாய்விட்டுத் திட்டினாள். நான் மனத்துக்குள் அவரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன், இன்றைக்கும் கொடுத்துவிடாதே சாமி என்று.

பதினோராம் நாள் மாமாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது. மூச்சை நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். எண்ணி முடிப்பதற்குள் அடுத்தது வந்துகொண்டிருந்தது. மதியம் இரண்டு மணிக்கு டாக்டர் வந்து நாடி பார்த்தார். மார்பில் வெகுநேரம் குழாயை வைத்துக் கேட்டார். நர்ஸிடம் ஏதோ சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை.

சக்கரம் உருண்டு வந்தது. சாப்பாட்டு வண்டி இல்லை.

மூக்கோடு வாயைச் சேர்த்து மூடும் முகமூடியை வைத்துப் பட்டையை மாட்டினார்கள். உள்ளே புகைபோல ஆவி படிந்து படிந்து மறைந்தது. சிறிது நேரத்தில் மாமாவின் உதட்டில் நீலம் குறைந்ததுபோல் இருந்தது. கைவிரல்கள் தளர்ந்து படுக்கையில் விழுந்தன. எட்டு நாளில் முதல்முறையாக அவர் முகம் சுளிக்காமல் இருந்தது.

அக்காள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "பாத்தியாடா? நான் போட்ட சத்தத்துக்குத்தான் குடுத்தாங்க. கேக்காம இருந்தா நம்பளுக்கு எவன் குடுப்பான்?" ஆஸ்துமாக்காரரின் மனைவியிடம் போய், "எங்களுக்கும் வெச்சிட்டாங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நீதான் இதெல்லாம் படிச்சவன். நெசமாச் சொல்லுடா நடராசு. இனிமே பயமில்ல இல்ல?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"பயமில்லக்கா" என்றேன்.

அவள் உடனே நம்பினாள். எட்டு நாளாகச் சரியாகத் தூங்காதவள், கட்டிலுக்குக் கீழே முந்தானையை விரித்து, "ஒரு அர மணி நேரம் கழிச்சு எழுப்பி வுடு" என்று சொல்லிப் படுத்தாள். படுத்த இடத்திலேயே தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு நீளமாக, சீராக வந்தது. மேலே கட்டிலில் இன்னொரு மூச்சு, சிறுசிறு துண்டாக, நடுவில் நின்று நின்று வந்தது. நான் இரண்டையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் ஆயிற்று. எழுப்ப வேண்டும் என்று கையை நீட்டினேன். எழுப்பினால் மறுபடியும் பயமில்லையா என்று கேட்பாள். நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.